சுழலும் தகடு – 9: ரூடி ஹெர்ட்ஸின் கை

கையால் தகடு சுழற்ற எவ்வளவு ஆகும், கம்ப்யூட்டர் இயந்திரத்தில் சுழற்ற எவ்வளவு ஆகும் என்று ரிங்கிட், சென் கணக்கில் இந்த வாரம் பிட்டுப்பிட்டு வைப்பதாகச் சொல்லியிருந்தேன். கணக்குப் போட உட்கார்ந்தவனை ஒரு பழைய அமெரிக்க நாவல் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. ஆசிரியரோ வெள்ளிக்கிழமைக்குள் பக்கம் வேண்டும் என்கிறார். எனவே கணக்கு அடுத்த வாரம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரே வரி: வட்டமாக வெட்டிய தகட்டை லேத்தில் ஓர் அச்சோடு சேர்த்து இறுக்கி, சுழலவிட்டு, அழுத்தி அழுத்தி அச்சின்மேல் படியவைப்பதுதான் மெட்டல் ஸ்பின்னிங். குடம், அண்டா, கோபுரக் கலசம், விளக்கு மூடி எல்லாம் இந்த வழியில் வரலாம். மற்றதற்குப் பழைய இதழ்களைப் புரட்டிக்கொள்ளுங்கள்.

செபராங் ஜெயாவிலிருந்து பிறை தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில், கையும் கம்ப்யூட்டரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்யும் பட்டறை ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கை லேத்தில் நிற்பவர் அறுபதைத் தாண்டியவர். சீனத் தௌக்கே உட்பட எல்லாருக்கும் அவர் ‘அண்ணே’தான்.

அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் இந்த ஒப்பீடு பிடிபடும். நீண்ட மரக் கைப்பிடி போட்ட டூலை வலது அக்குளில் இடுக்கிக்கொள்கிறார். எதிரே ஓர் இரும்புச் சட்டம், அதில் வரிசையாகத் துளைகள், ஒரு துளையில் முளை. டூலை அந்த முளையில் அண்டக்கொடுத்து நெம்புகிறார். அழுத்தம் புஜத்திலிருந்து வருவதில்லை. இடுப்பு திரும்புகிறது, டூல் நகர்கிறது. சர்க்கிளின் (வட்டத் தகட்டை அப்படித்தான் சொல்வார்கள்) மேல் துணி துவைக்கும் பார் சோப்பைத் தேய்த்திருக்கிறார். அந்த வழவழப்பு இல்லாவிட்டால் டூலின் முனை உலோகத்தைக் கடித்துப் பிய்த்துவிடும்.

டூல் நடுவிலிருந்து விளிம்புக்குப் போகும்போது தகடு இழுபட்டு மெலிகிறது. விளிம்பிலிருந்து உள்ளே திரும்பும்போது உலோகம் சேர்ந்து தடிக்கிறது. போக ஓர் ஓட்டு, வர ஓர் ஓட்டு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால்தான் கனம் ஏறக்குறைய பழையபடி நிற்கும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் படியவைக்கப் பார்த்தால் விளிம்பு பழிவாங்கும். பெரிய வட்டம் சின்ன வட்டமாகும்போது ஓரத்து உலோகத்துக்கு இடம் போதாது. எண்ணெயில் விழுந்த அப்பளம் மாதிரி நெளியும். நெளிவு ஆழமாக விழுந்துவிட்டால் நீவி எடுப்பது பெரும்பாடு. பல நேரம் அந்த இடத்திலேயே கிழிந்தும் போகும்.

அண்ணன் நெளிவு கண்ணுக்குத் தெரியும்வரை காத்திருப்பதில்லை. திடீரென்று டூலைத் தளர்த்தினார். இடது கையில் இருந்த மரக்கட்டையை விளிம்பின் பின்பக்கம் கொடுத்தார். முன்னே டூல், பின்னே கட்டை, இரண்டுக்கும் நடுவில் தகட்டின் ஓரம். இரண்டு முறை நீவிவிட்டுப் பழையபடி தொடர்ந்தார்.

“ஏண்ணே நிறுத்துனீங்க?”

“சத்தம் மாறிப்போச்சே தம்பி, கேக்கலையா?”

எனக்குக் கேட்டதெல்லாம் மோட்டாரும், வெளியே துறைமுகத்துக்குப் போகும் கொள்கலன் லோரிகளும்தான்.

கம்ப்யூட்டர் ஓட்டும் சிஎன்சி இயந்திரம் நிற்பது அதே கொட்டகையின் மறுகோடியில். கண்ணாடிக் கதவை மூடிவிட்டுப் பொத்தானைத் தட்டினால் டூலுக்குப் பதில் ஒரு கெட்டி எஃகு ரோலர் வந்து தகட்டில் உட்காருகிறது. அதன் பலத்துக்கு முன் மனித இடுப்பு ஒன்றுமே இல்லை. கையால் 3 மில்லிமீட்டர் அலுமினியத்தைச் சுழற்றுவதே மல்லுக்கட்டுதான். எஃகு என்றால் அதில் பாதிக் கனத்திலேயே முதுகு முறையிட ஆரம்பித்துவிடும். இயந்திரத்துக்கு முதுகு இல்லை. நூறாவது சாமானும் முதல் சாமானும் ஒரே மாதிரி வரும். தகடு பிடி நழுவிப் பறந்தாலும் கதவுக்குள்ளேயே கிடக்கும். கை லேத்தில் அப்படிப் பறந்தால் என்ன ஆகும் என்பதை அண்ணனின் முன்கைத் தழும்புகளிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்த இயந்திரத்துக்குக் காது கேட்காது. விசையை அளக்கும் சென்சார் வைத்தவை இப்போது வருகின்றன, உண்மைதான். இங்கே இருப்பது போன்ற சாதாரண இயந்திரம் சொன்ன பாதையில் சொன்ன வேகத்தில் போகும். தகடு நெளிந்தாலும் போகும், கிழிந்தாலும் போகும். அப்படியானால் நெளியாத பாதை எது என்று அதற்கு யார் சொல்லித்தந்தது? இந்த வாரம் முழுக்க என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான்.

அச்சு கூம்பாக இருந்தால் விடை சுலபம். விளிம்பின் விட்டத்தைக் குறைக்காமல், ரோலரை அச்சை ஒட்டி ஒரே ஓட்டமாக ஓட்டித் தகட்டை நசுக்கி மெலியவைக்கும் முறை ஒன்று உண்டு. ஷியர் ஸ்பின்னிங் என்பார்கள். அதற்கு ஒரே வரியில் சூத்திரம் இருக்கிறது. தொடக்கக் கனத்தைக் கூம்பின் அரைக்கோணத்தின் சைனால் பெருக்கினால் கடைசிக் கனம். அரைக்கோணம் 30 டிகிரி என்றால் சைன் சரியாக அரை. 4 மில்லிமீட்டர் தகடு 2 மில்லிமீட்டர் கூம்பாகும். ஐந்தாம் படிவத்துப் பிள்ளை போடக்கூடிய கணக்கு. எண்ணை ஊட்டினால் இயந்திரம் செய்துவிடும். கைக்கு இங்கே வேலையே கிடையாது, அவ்வளவு விசை வேண்டும்.

குடத்துக்கு அப்படி ஒரு சூத்திரம் இல்லை. பத்துப் பதினைந்து ஓட்டங்களில் படிப்படியாக இறக்க வேண்டிய பாத்திரத்துக்கு, ஒவ்வோர் ஓட்டத்திலும் ரோலர் எந்த வளைவில் போக வேண்டும் என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட விதி எதுவும் இன்னும் வரவில்லை. 2010இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜூலியன் ஆல்வுட்டும் உடன் ஆய்வாளர்களும் ஸ்பின்னிங்கின் இயக்கவியல் பற்றி அதுவரை நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்கள். அதைப் படித்தால் எத்தனை கேள்விகள் பாக்கி என்பதுதான் கண்ணில் படுகிறது. கம்ப்யூட்டரிலேயே ஒத்திகை பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம். ஆனால் ரோலர் தொடுவது தகட்டின் ஒரு சின்னப் புள்ளியை; அந்தப் புள்ளி நூற்றுக்கணக்கான சுற்றுகள் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றையும் துண்டுதுண்டாகக் கணக்கிட்டு முடிப்பதற்குள், நிஜப் பட்டறையில் அண்ணன் அந்த ஆர்டரையே முடித்து லோரியில் ஏற்றியிருப்பார்.

ஸ்பின்னிங் இயந்திரம் செய்பவர்கள் கண்டுபிடித்த குறுக்குவழிக்குப் பெயர் ‘பிளேபேக்’. கை தேர்ந்த ஒருவரை ஜாய்ஸ்டிக் முன் உட்காரவைக்கிறார்கள். ரோலரை அவர் ஓட்டுகிறார். எங்கே அழுத்தினார், எங்கே தளர்த்தினார், எந்த வளைவில் திரும்பினார் என்பதையெல்லாம் இயந்திரம் பதிந்துகொள்கிறது. சாமான் நன்றாக வந்துவிட்டால் அந்தப் பதிவே ப்ரோகிராம். அதன்பிறகு பொத்தானைத் தட்டும் வேலைதான். பதிவில் அங்கங்கே இருக்கும் தடுமாற்றத்தைத் திரையில் திருத்தி வழித்துக்கொள்ளவும் முடியும்.

இதைக் கேட்டதும் எனக்கு ரூடி ஹெர்ட்ஸ் ஞாபகத்துக்கு வந்தான். இங்கேதான் என் கணக்கு நோட்டு மூடப்பட்டது.

ரூடி நிஜ ஆள் கிடையாது. கர்ட் வானகட் 1952இல் எழுதிய முதல் நாவல் ‘பிளேயர் பியானோ’வில் வரும் லேத்துத் தொழிலாளி. இளம் பொறியாளர்கள் சிலர் ஆலையிலேயே சிறந்த கைக்காரன் யார் என்று தேடி அவனைப் பிடிக்கிறார்கள். அவன் லேத்தில் வேலை செய்யும்போது ஒவ்வோர் அசைவையும் நாடாவில் பதிகிறார்கள். ரூடிக்கு ஏகப்பட்ட பெருமை. பிறகு அந்த நாடா லேத்துகளை ஓட்டுகிறது. ரூடிக்கு வேலை இல்லை. பல வருடம் கழித்து அந்தப் பொறியாளர்களில் ஒருவன் மதுக்கடையில் கிழவன் ரூடியைப் பார்க்கிறான். கிழவன் அவனைக் கோபிக்கவில்லை. அவனைக் கௌரவிப்பதற்காகக் காசு போட்டு, தானே வாசிக்கும் பியானோவை இயக்கிவிடுகிறான். கட்டைகள் ஆளில்லாமல் மேலும் கீழும் போய்வருகின்றன.

கற்பனைதானே என்று தள்ள முடியாது. வானகட் 1947 முதல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் மக்கள் தொடர்புப் பிரிவில் வேலை பார்த்தவர். அதே கம்பெனி அந்தக் காலகட்டத்தில்தான் தொழிலாளியின் அசைவுகளைக் காந்த நாடாவில் பதிந்து இயந்திரத்தைத் திரும்ப ஓட்டவைக்கும் முறையைச் சோதித்துக்கொண்டிருந்தது. நாவலாசிரியர் பக்கத்துக் கொட்டகையை எட்டிப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்.

எதிர்க்கட்சியின் கதை வேறு இடத்தில் நடந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளின் வளைவுகளைத் துளையட்டைக் கணக்கு இயந்திரங்களால் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். எண்களே இயந்திரத்தை நேராக ஓட்டினால் என்ன என்ற யோசனை அங்கே பிறந்தது. அமெரிக்க விமானப்படை பணம் கொடுத்தது. எம்ஐடி ஆய்வகம் 1952இல் துளைநாடாவால் ஓடும் மில்லிங் இயந்திரத்தை ஓட்டிக் காட்டியது. நாவல் வெளிவந்த அதே வருடம்! இதைத் தெரிந்துகொண்ட இரவு நான் வீட்டில் யாரையும் தூங்கவிடவில்லை.

எண்ணும் கையும் போட்டியிட்டதில் எண் ஜெயித்தது. இன்று சிஎன்சி என்று நாம் சொல்வதெல்லாம் எம்ஐடி வழி வந்த பரம்பரை. ஏன் அப்படி என்பதற்கு டேவிட் நோபல் என்ற வரலாற்றாசிரியர் 1984இல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். நாடாவில் கையைப் பதிந்தால் வேலையின் சூட்சுமம் தொழிலாளியிடமே இருக்கும்; எண்ணாக எழுதினால் அது மாடியில் இருக்கும் அலுவலக அறைக்குப் போய்விடும்; நிர்வாகங்களுக்கு இரண்டாவதுதான் பிடித்தது என்பது அவர் கட்சி. பாதி சரி என்று எனக்குப் படுகிறது. மறுபாதியை அவர் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டுவிட்டார். விமான இறக்கையின் வளைவை எந்தக் கைக்காரனும் முதலில் கையால் செதுக்கிக் காட்ட முடியாது. பதிவதற்குக் கையே இல்லாத இடத்தில் எண் வந்துதானே ஆக வேண்டும்?

தோற்றுப்போன முறை அத்தோடு சாகவில்லை என்பதுதான் எனக்கு இந்த வாரத்துக் குதூகலம். எங்கெல்லாம் வேலையை எண்ணாக எழுத முடியவில்லையோ அங்கெல்லாம் போய் ஒட்டிக்கொண்டது. நார்வேயில் கைவண்டி செய்யும் டிரால்ஃபா என்ற கம்பெனி இருந்தது. வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் கிடைக்காமல் 1960களில் அது தானே ஒரு ரோபோவைச் செய்துகொண்டது. அதற்குப் பாடம் சொன்ன விதம் இதேதான்: பெயிண்டர் அதன் கையைப் பிடித்து ஒருமுறை அடித்துக் காட்டுவார், அது திரும்ப அடிக்கும். கைவண்டிக்காரர்கள் பிற்பாடு கார்க் கம்பெனிகளுக்கே பெயிண்ட் ரோபோ விற்றார்கள். அந்தக் கதைக்குள் நுழைந்தால் இந்த இதழில் வெளியே வர முடியாது, விட்டுவிடுகிறேன். பெயிண்ட் தெளிப்பதும் தகடு நெளிவதும் எண்ணுக்கு அடங்காத சங்கதிகள். அதனால்தான் ஸ்பின்னிங் பட்டறையில் ரூடி இன்னும் உயிரோடிருக்கிறான்.

பிறை பட்டறையில் சிஎன்சிக்குப் பாதை ஓட்டிக் கொடுத்தது யார் என்று விசாரித்தேன். நீங்கள் நினைப்பது சரி. புது சாமானுக்கு முதலில் அண்ணன் கை லேத்தில் இரண்டு மூன்று சுழற்றிப் பார்க்கிறார். எத்தனை ஓட்டம், எங்கே சூடுகாட்டி இளக்க வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டபின் ஜாய்ஸ்டிக் முன் உட்காருகிறார். சோதனையில் கெட்டுப்போன சர்க்கிள்களில் மார்க்கரால் எண் போட்டுச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறார்கள்: ஒன்றில் ஓரம் நெளிந்திருக்கிறது, ஒன்றில் அடிவளைவு வெடித்திருக்கிறது. இயந்திரத்தை ஓட்டும் பையன் அவற்றைக் காட்டித்தான் எனக்குப் பாடம் எடுத்தான்.

“உங்க வேலைய அது எடுத்துக்கிட்டா என்னண்ணே பண்ணுவீங்க?” என்று ரூடியை மனதில் வைத்துக்கொண்டு கேட்டேன்.

“சுருள் மாறுனா என்னத்தானே கூப்புடணும்?” என்றார்.

தகடு ஆலையிலிருந்து சுருளாக வருகிறது. ஒரு சுருளுக்கும் மறு சுருளுக்கும் கெட்டித்தன்மையில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், அதே ரகம் என்று சீட்டு ஒட்டியிருந்தாலும். கை லேத்தில் நிற்பவர் இரண்டாவது ஓட்டத்திலேயே அதை உணர்ந்து அழுத்தத்தை மாற்றிக்கொள்வார். பதிவு செய்த பாதைக்கு அந்தச் சமாச்சாரம் தெரியாது. நேற்றைய தகட்டுக்கான பாதையை இன்றைய தகட்டின்மேல் ஓட்டும். உலோகம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகத் துள்ளித் திரும்பினால் பாத்திரம் அச்சை ஒட்டாமல் நிற்கும். அப்போது பையன் கைபேசியை எடுக்கிறான். அண்ணன் வந்து ரோலரின் வேகத்தைக் குறைக்கிறார், கூட்டுகிறார், இரண்டு சாமானைக் கெடுக்கிறார், மூன்றாவது சரியாகிறது. அண்ணன் ஓய்வு பெற்றபின் கைபேசியில் யாரைக் கூப்பிடுவது என்று தௌக்கேயிடம் கேட்டேன். கோப்பியைக் கலக்கிக்கொண்டே இருந்தார்.

ரோலர் வேகம் என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. உங்கள் வீட்டில் அலுமினியப் பானையோ, பாலீஷ் போடாத இரும்புக் குவாலியோ இருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். உள்ளேயோ வெளியிலோ மெல்லிய வட்டவட்டக் கோடுகள் தெரிந்தால் அது சுழற்றிச் செய்தது. ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி, தகடு ஒரு சுற்றுச் சுற்றும்போது டூல் எவ்வளவு நகர்ந்தது என்பதன் அளவு. இடைவெளி அடியிலிருந்து வாய்வரை ஒரே சீராக இருந்தால் இயந்திரம் செய்தது. நெருங்கியும் விலகியும் போனால் கை. நெருங்கியிருக்கும் இடங்களில் அந்த ஆள் நிதானித்திருக்கிறார். நகர்வு சின்னதாக இருந்தால் பரப்பு வழவழப்பாக வரும், ஆனால் உலோகம் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு மெலியும். பெரிதாக இருந்தால் கனம் நிற்கும், ஆனால் கோடு தடிக்கும், நெளிவும் எட்டிப் பார்க்கும். சார் குவே தியாவ் வாங்கக் காத்திருக்கும் நேரத்தில் கடைக்காரரின் குவாலியை நான் எட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். அவர் வேறு மாதிரி நினைத்துக்கொள்கிறார்.

இனி கணக்குக்கு வந்துவிடலாம் என்றால் இடம் தீர்ந்துகொண்டிருக்கிறது. ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: இரண்டு முறைக்கும் அச்சு வேண்டும். கைக்குக் கெட்டி மரத்தைக் கடைந்த அச்சே பத்து இருபது சாமானுக்குத் தாங்கும். ரோலரின் அழுத்தத்துக்கு எஃகோ வார்ப்பிரும்போ வேண்டும். ஆகவே பத்துக் கலசம் கேட்டு வரும் கோயில் கமிட்டிக்கும் இரண்டாயிரம் விளக்கு மூடி கேட்டு வரும் ஏற்றுமதிக்காரருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. எத்தனை சாமானில் தராசு சாய்கிறது என்பதை அடுத்த வாரம் எண்ணோடு பார்ப்போம். திருப்பூர் அனுப்பர்பாளையத்துப் பித்தளை, செம்புப் பட்டறைகளுக்குத் தனியாக ஓர் அத்தியாயம் பாக்கி இருப்பதும் நினைவிருக்கிறது. கடிதம் போட்டு ஞாபகப்படுத்த வேண்டாம்.

கடிதம் என்றதும், சுங்கை பட்டாணி வாசகி ஒருவர் கேட்ட கேள்வி. யாரும் தொடாமல் அலமாரியில் இருந்த பித்தளைச் செம்பின் வாய் தானாக வெடித்திருக்கிறது. கையால் செய்ததால்தான் இப்படியா, இயந்திரத்தில் செய்திருந்தால் வெடிக்காதா என்கிறார். எதில் செய்திருந்தாலும் வெடிக்கும் அம்மா. அச்சில் படியவைத்த பித்தளைக்குள் அழுத்தம் அடைபட்டுக் கிடக்கும். ஈரத்தோடு அம்மோனியா வாடை சேர்ந்தால் அது உலோகத்தின் மணிகளுக்கு இடையில் புகுந்து பிளந்துவிடும். பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் இப்படித்தான் ஒரு காரணமும் தெரியாமல் வெடித்தன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் குற்றவாளி என்று ஆராய்ச்சியாளர்கள் நிறுவியது 1921இல். தோட்டா உறை சுழற்றிச் செய்வதில்லை, அச்சில் இழுத்துச் செய்வது. ஆனால் உள்ளே அடைபடும் அழுத்தம் ஒன்றுதான். செய்து முடித்ததும் 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் போல வைத்தெடுத்தால் அழுத்தம் இறங்கிவிடும், கெட்டித்தன்மையும் போகாது. எந்தப் பட்டறை அந்த ஒரு மணி நேரத்தைச் செலவழிக்கிறது, எது மிச்சம் பிடிக்கிறது என்பதும் அடுத்த வாரக் கணக்கில் வரும். அதுவரை மிச்சமிருக்கும் பித்தளைச் சாமான்களை, கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவம் வைத்திருக்கும் அலமாரியிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.